நாலாம் வார்த்தை

பாளைக்கு ஓய்வுநாள் தெரியாது. ஒரு நாள் சீவாமல் விட்டால் நுனி காய்ந்து அடைத்துக்கொள்ளும். அதை மறுபடி சுரக்க வைப்பதற்குள் பனையேறியின் பாடு பல நாள் வீணாகும். காலையில் ஏறி, கலயத்தில் ஊறியிருப்பதைக் குடுவையில் ஊற்றிக்கொண்டு, பாளையை மெல்லிசாகச் சீவி, சுண்ணாம்பு தடவிய கலயத்தைத் திரும்பக் கட்டிவிட்டு இறங்க வேண்டும். சாயங்காலம் மறுபடி ஏறிச் சீவ வேண்டும். பங்குனி பிறந்ததிலிருந்து ஆடி முடிகிறவரை அன்றாடம் இதே வேலைதான். மெஞ்ஞானபுரத்துக்கும் சாத்தான்குளத்துக்கும் நடுவில், செம்மண் தேரியை ஒட்டி இருக்கிற எங்கள் ஊரில் எல்லாரும் வேதக்காரர்கள். அநேகமாக எல்லாரும் பனையை நம்பிப் பிழைத்தவர்கள். ஓய்வுநாளைப் பரிசுத்தமாக ஆசரிக்கச் சொல்கிற கட்டளையை ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாடமாக ஒப்பிக்கும் பிள்ளைகளின் அப்பாமார் அதே காலையில் பனை உச்சியில் இருப்பார்கள். இரண்டாம் மணி அடிக்கும்போது கைகால் கழுவி, வெள்ளை வேட்டி கட்டிக் கோவிலுக்குள் வந்து உட்காருவார்கள். யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

என் சித்தப்பா மட்டும் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை இறக்குகிற பதநீரைத் தனியாகக் காய்ச்சி, அந்தக் கருப்பட்டி முழுவதையும் ஸ்தோத்திரப் பண்டிகைக்குக் காணிக்கையாகக் கொடுத்துவிடுவார். பதநீர் காய்ச்சுகிற விடிலியில் சித்தி அந்தச் சிரட்டைகளைத் தனியே கவிழ்த்து, தனி ஓலைப்பெட்டியில் அடுக்குவாள். மூடியில் சுண்ணாம்பால் ஒரு சிலுவை போட்டிருக்கும். "ஏறுதது நானு. வேலை அவருக்கு" என்பார் சித்தப்பா. மற்றப் பெட்டிகளிலிருந்து கேட்காமல் கருப்பட்டி எடுத்துத் தின்கிற நான் அந்தப் பெட்டியின் பக்கம் போகமாட்டேன்.

மரத்தடியில் முருக்குத்தடியைச் சாய்த்து, காலில் தளைநாரை மாட்டிக்கொண்டதும், மரத்தில் நெற்றியை ஒரு கணம் வைத்துவிட்டுத்தான் ஏறுவார். என்ன ஜெபம் என்று கேட்டேன். "ஏத்திவிட்டமாதிரி எறக்கியும் விட்டுரும்னு சொல்லுவேன்" என்றார். உச்சியிலிருந்து பார்த்தால் மெஞ்ஞானபுரம் பவுலின் கோவில் கோபுரம் தெரியுமாம். 192 அடி உயரக் கோபுரம். மிஷனெரி ஜான் தாமஸ் ஐயர் கட்டியது. மனுஷன் கட்டிய உயரத்தைப் பனைமேலிருந்து நேருக்கு நேர் பார்க்கிற சந்தோஷம் அவருக்கு இருந்தது. நானும் ஒருநாள் ஏறிப் பார்க்கவேண்டும் என்று கேட்டபோது, "நீ படிச்சுட்டுப் படியேறிப் பாரு மக்கா" என்றார்.

எழுபதுகளின் நடுவில், ஒரு வைகாசி மாத ஞாயிற்றுக்கிழமை, கோவிலில் முதல் மணி அடிப்பதற்கு முன்னால் சித்தப்பா விழுந்தார். முந்தின ராத்திரி கோடை மழை பெய்திருந்தது. நான் பதநீர் குடிக்க ஓலைப் பட்டையை மடித்துக்கொண்டு கீழே நின்றிருந்தேன். அவர் பிடித்த மட்டை காய்ந்த மட்டை. அது முறிந்த சத்தம் கேட்டு நான் நிமிர்ந்தேன். சித்தப்பா என்னிடம் முதலில் கேட்டது, "கலயம் ஒடஞ்சிட்டா?" என்றுதான். அதன்பிறகு, "கால எங்கலே காணோம்?" என்றார். கால் அங்கேதான் இருந்தது. தளைநார் இன்னும் கழலாமல் இருந்தது. நான் அதைத் தொட்டுக் காட்டினேன். தொட்டது அவருக்குத் தெரியவில்லை.

கர்த்தருடைய பங்கை இறக்க ஏறிய மரத்திலிருந்து விழுந்தார் என்பதை நான் அன்று யோசிக்கவில்லை. ஊர் யோசித்தது. அன்று சாயங்காலமே காரணங்கள் வந்து சேர்ந்தன. ஓய்வுநாளில் ஏறினான், அதுதான் என்று ஒருவர் சொன்னார். சொன்னவரின் மரத்திலும் அன்று காலை பாளை சீவியிருந்தது. ரகசிய பாவம் ஏதாவது இருக்கும், இல்லாவிட்டால் கர்த்தர் இப்படி விடமாட்டார் என்றார் இன்னொருவர். அவர் யாரில் அன்புகூருகிறாரோ அவர்களைத்தான் சிட்சிப்பார் என்று ஆச்சியிடம் ஆறுதலாகச் சொன்னார்கள். உயிரோடு விட்டாரே, அதற்கு ஸ்தோத்திரம் பண்ணுங்கள் என்றார்கள். வந்தவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. வரும்போது கையில் பழமும் ரொட்டியும் கொண்டுவந்தார்கள், ராத்திரி முழுக்கத் திண்ணையில் இருந்தார்கள், ஆஸ்பத்திரிச் செலவுக்குத் தங்கள் பங்கைக் கொடுத்தார்கள். ஆனால் காரணம் இல்லாத துன்பத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருக்க அவர்களால் முடியவில்லை. காரணம் இல்லையென்றால் நாளை அவர்களும் ஏறவேண்டுமே. அந்தப் பயத்தை இன்று நன்றாகவே புரிந்துகொள்கிறேன்.

சித்தி ஒன்றும் பேசவில்லை. அந்த ஞாயிறு முதல் அவள் கோவிலுக்குப் போகவில்லை.

பாளையங்கோட்டை பெரிய ஆஸ்பத்திரியில், முதுகெலும்பு முறிந்து நரம்பு நசுங்கிவிட்டது, இடுப்புக்குக் கீழே இனி வராது என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். அப்பா யார் யாரையோ பிடித்து, சித்தப்பாவை வேலூருக்கு அனுப்பினார். அங்கே கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மறுவாழ்வு மையத்தில் அவர் கற்றுக்கொண்டது ஜெபத்தால் நடந்ததல்ல, பயிற்சியால் நடந்தது: இரண்டு மணிக்கு ஒருதரம் உடம்பைப் புரட்டிப் படுக்கைப்புண் வராமல் காப்பது, கைபலத்தில் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, மூத்திரப்பையைக் கவனிப்பது. அங்கிருக்கும் ஒவ்வொரு நோயாளியிடமும் அந்த மையத்தை 1966இல் தொடங்கக் காரணமாக இருந்த டாக்டர் மேரி வர்கீஸின் கதையைச் சொல்வார்களாம். 1954இல் நடந்த கார் விபத்தில் அவருக்கும் இடுப்புக்குக் கீழே போய்விட்டது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சை செய்து நிமிர்த்தினார். சித்தப்பா இந்தக் கதையை ஊருக்கு வந்து எங்களிடம் சொன்னார். சொல்லி முடித்ததும் ஆச்சி, "பாத்தியா, அதுக்குத்தான் கர்த்தர் அந்தப் பிள்ளைய அப்படி ஆக்கினாரு" என்றாள். சித்தப்பா கொஞ்சநேரம் சும்மா இருந்தார். "ஆக்கினாரா, ஆனபெறவு கூட நின்னாரா? ரெண்டும் ஒண்ணு இல்லம்மா" என்றார்.

எனக்குத் தெரிந்து அவர் முதலில் வாய்திறந்து கேட்ட கேள்வி அது. அதற்குமுன் அவர் கேள்வி கேட்கிற ஆளே இல்லை.

அடுத்த வருஷம் பக்கத்து டவுனில் சுகமளிக்கும் கூட்டம் நடந்தது. சித்தப்பாவுக்கு இஷ்டமில்லை. ஆச்சி மூன்று நாள் உபவாசம் இருந்துவிட்டு, "எனக்காக வாடே" என்றாள். வண்டியில் வைக்கோல் பரப்பிப் படுக்கவைத்துக் கொண்டுபோனோம். ஒலிபெருக்கியும் பாட்டுமாக மைதானமே அதிர்ந்தது. பிரசங்கியார் எங்கள் கட்டில் இருந்த இடத்துக்கு வந்து, சித்தப்பாவின் தலையில் கைவைத்து நெடுநேரம் ஜெபித்தார். எழுந்திரு என்று கட்டளையிட்டார். சித்தப்பா எழுந்திருக்க முயன்றார். அதை நான் பார்த்தேன். கைகள் இரண்டும் கட்டில் சட்டத்தைப் பிடித்து, கழுத்து நரம்பு புடைத்து, தோள்வரைக்கும் உடம்பு எழுந்தது. அதற்குமேல் எழவில்லை. பிரசங்கியார் இன்னும் இரண்டுதரம் கட்டளையிட்டுவிட்டு, இந்தக் குடும்பத்தில் யாரிடமோ அவிசுவாசம் தடையாக நிற்கிறது என்று ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

அது நான்தான் என்று முடிவு செய்துகொண்டேன். காலைத் தொட்டபோது தெரியவில்லை என்று அவர் சொன்ன நிமிஷத்திலிருந்து, கர்த்தர் மேலே இருந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தாரா என்கிற கேள்வி எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. வண்டி திரும்பி வருகிற வழியெல்லாம் எல்லாரும் சித்தியைப் பார்த்தார்கள், கோவிலுக்குப் போகாதவள் அவள்தானே. சித்தி நிமிர்ந்து உட்கார்ந்து மாட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் வைக்கோலில் சித்தப்பாவின் பக்கத்தில் படுத்திருந்தேன். அழுதுகொண்டே அவர் காதில் உண்மையைச் சொன்னேன்.

அன்று அவர் பதில் சொல்லவில்லை. மறுநாள் சாயங்காலம் வேதப்புத்தகத்தை எடுத்துவரச் சொன்னார். மாற்கு ஒன்பதாம் அதிகாரத்தை வாசிக்கச் சொன்னார். வலிப்பு வந்து தீயிலும் தண்ணீரிலும் விழுகிற மகனை ஒரு தகப்பன் கொண்டுவருகிறான். நம்புகிறேன் என்கிறான், அதே மூச்சில், என் நம்பிக்கைக் குறைச்சலுக்கு நீர்தான் உதவவேண்டும் என்கிறான். இயேசு அவனைத் திருப்பி அனுப்பவில்லை, பிள்ளையைக் குணமாக்குகிறார். "பாதி விசுவாசத்துக்கே சொகம் கெடச்சிருக்கு பாத்தியா. ஒம்மேல குத்தம் இல்லலே. ஒஞ் சித்தி மேலயும் இல்ல" என்றார். எனக்குள் இறுகிக்கிடந்தது ஏதோ தளர்ந்தது. ஆனால் அவர் முகம் தெளியவில்லை. குற்றம் எங்கள் யாரிடமும் இல்லையென்றால், கேள்வி நேராக மேலே போகிறது. அது அவருக்குத் தெரிந்திருந்தது.

அப்படித்தான் எங்கள் வாசிப்பு தொடங்கியது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான் திண்ணையில் உட்கார்ந்து சத்தமாக வாசிப்பேன். சித்தப்பா குப்புறப் படுத்துக்கொண்டு ஓலைப்பெட்டி முடைந்துகொண்டே கேட்பார். ஏறமுடியாத கைக்கு முடைய முடிந்தது. அவர் முடைந்த பெட்டிகள் உடன்குடிச் சந்தைக்குப் போயின. வீட்டில் அடுப்பு எரிந்தது அதனால்தான். வாசிப்பில் நல்ல இடம் வந்தால், "நிறுத்து" என்று ஓலையில் ஒரு நறுக்கைக் கிள்ளி என்னிடம் நீட்டுவார். அந்தப் பக்கத்தில் வைக்கவேண்டும். அவருடைய நல்ல இடங்கள் எங்கள் ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாடம் செய்யக் கொடுத்த இடங்கள் அல்ல. அந்த இடங்களில் மனுஷர் கடவுளிடம் மல்லுக்கு நின்றார்கள்.

யோபுவை முழுசாக வாசித்தோம், நாற்பத்திரண்டு அதிகாரமும். சிநேகிதர்கள் எலிப்பாஸும் பில்தாத்தும் சோப்பாரும் வந்து ஏழு நாள் இரவும் பகலும் தரையில் வாய்திறக்காமல் உட்கார்ந்திருந்ததை அவர் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னார். "அதோட எந்திச்சுப் போயிருந்தா அவங்க நல்ல சிநேகிதங்க" என்றார். அதற்குப்பிறகு அவர்கள் சொன்ன காரணங்களை எல்லாம் எங்கள் திண்ணையிலும் கேட்டிருந்தோம். நான் எதிர்பாராதது கடைசி அதிகாரம். கடவுளுக்காக வக்காலத்து வாங்கிய சிநேகிதர்கள் மேல்தான் கடவுளுக்குக் கோபம் வருகிறது. பிறந்த நாளையே சபித்து, வழக்குக்கு வா என்று கூப்பிட்ட யோபு சரியாகப் பேசினான் என்கிறார். பதினோரு வயசுப் பையன் அதை வாசித்துவிட்டு, அச்சுப்பிழையோ என்று மறுபடி வாசித்தேன். சித்தப்பா ஒன்றுக்கு இரண்டாக நறுக்கு கொடுத்தார்.

ஒருநாள் ஆச்சி குறுக்கே வந்து, "யோபு பெஞ்சாதி பேசுனதையும் வாசி. அந்தமாதிரிப் பொம்பளையும் இருக்கத்தான் செய்வாளுவ" என்றாள், உள்ளே இருந்த சித்திக்குக் கேட்கும்படி. சித்தப்பா முடைவதை நிறுத்தினார். "அம்மா, செத்த பத்துப் பிள்ளைகளையும் பெத்தவ அவதான். அத யாரும் நெனக்கமாட்டேங்கியள்" என்றார். ஆச்சி அதற்குப்பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. யோபின் மனைவியை வைத்து எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். அவளும் பிள்ளைகளை இழந்தவள் என்று மேடையிலிருந்து சொன்ன ஒருவரையும் நான் இதுவரை கேட்டதில்லை.

சங்கீதங்களில் நறுக்குகள் நெருக்கமாக விழுந்தன. ஆண்டவர் தூங்குகிறாரோ என்று எழுப்புகிற நாற்பத்துநாலு. துன்மார்க்கன் கொழுத்து நன்றாக இருக்கிறானே என்று பொருமுகிற எழுபத்துமூன்று. எஸ்ராகியனாகிய ஏமானின் எண்பத்தெட்டு. புலம்பித் தொடங்குகிற சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில் ஒரு ஸ்தோத்திரத்துக்கு வந்து சேர்ந்துவிடும். எண்பத்தெட்டு அப்படி வராது, இருட்டிலேயே முடிந்துவிடும். அடுத்த பக்கத்தில் மீதி இருக்கும் என்று புரட்டிப் பார்த்தேன். எண்பத்தொன்பது தொடங்கிவிட்டது. "இதையும் எடுத்துப் போடாம வச்சிருக்கான் பாரு" என்றார் சித்தப்பா. யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை. சங்கீதங்களைத் தொகுத்த யாரோ ஒரு லேவியனை நினைத்துச் சொல்லியிருக்கலாம்.

லூக்கா பதின்மூன்றில் சீலோவாம் கோபுரம் வந்தது. கோபுரம் இடிந்து பதினெட்டுப் பேர் செத்தார்கள்; அவர்கள் எருசலேமில் மற்ற எல்லாரையும்விடப் பாவிகள் என்றா நினைக்கிறீர்கள் என்று இயேசு கேட்டு, இல்லை என்று தானே சொல்கிறார். அன்று சித்தப்பா என் கையிலிருந்து புத்தகத்தை வாங்கித் தன் கண்ணால் படித்தார். ஓய்வுநாளில் ஏறினாய் என்று சொன்னவர்களுக்கு இதைக் காட்டலாம் என்றேன். "வேண்டாம். அவங்களும் நாளைக்கு ஏறணும்லா" என்றார்.

நல்லெண்ணத்தோடு வந்த பெண்கள் டோனாவூர் கார்மைக்கேல் அம்மாவைச் சொல்லித் தேற்றுவார்கள். எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் அந்தப் பெயருக்கு உள்ள மரியாதை பெரிது. கோவில்களுக்கு நேர்ந்துவிடப்பட்ட பிள்ளைகளைச் சேர்த்து வளர்த்தவர். 1931இல் களக்காட்டில் ஒரு குழியில் விழுந்து கால் முறிந்தது. 1951 ஜனவரியில் இறக்கும்வரை கிட்டத்தட்ட இருபது வருஷம் பெரும்பாலும் தன் அறையிலேயே கிடந்தார். அங்கிருந்தே புத்தகங்கள் எழுதினார். இதைச் சொல்லிவிட்டு, "அவ்வோ எவ்வளவு சந்தோஷமா இருந்தாவ" என்பார்கள். சித்தப்பா பொறுமையாகக் கேட்டுக்கொள்வார். அவர்கள் போனபிறகு ஒருதரம் என்னிடம், "ராத்திரி எல்லாரும் போனதுக்கப்புறம் அந்த அம்மா என்ன நெனச்சாவன்னு இவளுவளுக்குத் தெரியுமாக்கும்" என்றார். அவருக்கு அந்த அம்மாமேல் மரியாதைக் குறைவு இல்லை. படுத்துக்கிடப்பவரை மற்றவர்கள் பாடமாக ஆக்குவதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை.

திடப்படுத்தல் வகுப்புக்குப் போகிற வயசு வந்தபோது என்னிடம் ஒரு கேள்வி தயாராக இருந்தது. குருவானவரை எங்கள் பக்கத்தில் ஐயர் என்போம். அந்த வருஷம் வந்திருந்த ஐயர் நடுவயசுக்காரர், சைக்கிளில்தான் சபைகளுக்குப் போவார். ஞானோபதேச வினாவிடையை ஒப்பித்து முடித்ததும், கேள்வி இருந்தால் கேளுங்கள் என்றார். எழுந்து நின்றேன். அப்போஸ்தலர் நடபடிகள் பன்னிரண்டாம் அதிகாரத்தில் ஏரோது யாக்கோபைப் பட்டயத்தால் கொன்றான். அதே அதிகாரத்தில் பேதுருவையும் பிடித்து வைத்தான். தேவதூதன் வந்து சங்கிலியைக் கழற்றிக் கூட்டிக்கொண்டு போனான். பேதுருவுக்கு வந்த தூதன் யாக்கோபுக்கு ஏன் வரவில்லை? சபை பேதுருவுக்காக ஊக்கமாக ஜெபித்தது என்று இருக்கிறது. யாக்கோபுக்காக அவன் அம்மா ஜெபித்திருக்கமாட்டாளா?

பக்கத்தில் இருந்த பையன் என் சட்டையைப் பிடித்து இழுத்தான். கேள்வி கேட்பது வேறு, கடவுளைக் குற்றம்பிடிப்பது வேறு என்று ஓய்வுநாள் பள்ளி வாத்தியார் ஒருமுறை என்னை வெளியே நிறுத்தியிருக்கிறார். ஐயர் வெளியே நிறுத்தவில்லை. எல்லாரையும் அந்த அதிகாரத்தைத் திறக்கச் சொன்னார். யாக்கோபைப் பற்றி எத்தனை வசனம் இருக்கிறது என்று கேட்டார். ஒன்று. பேதுருவைப் பற்றி? எண்ணி எண்ணிப் பார்த்தோம், பக்கம் நிறைய இருந்தது. "லூக்கா வைத்தியர். காரணம் தெரிஞ்சிருந்தா எழுதாம விட்டிருக்கமாட்டாரு. அவருக்குத் தெரியல, எனக்கும் தெரியல" என்றார். பின்னர், "ஆனா ஒண்ணு பாத்தீங்களா, யாக்கோபு செத்த கதைய மறைச்சுட்டுப் பேதுரு தப்பிச்சத மட்டும் எழுதியிருந்தா அதிகாரம் எவ்வளவு வசதியா இருந்திருக்கும்? அவரு அப்படிச் செய்யல" என்றார். இந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று வகுப்பு முடிந்ததும் விசாரித்தார். அன்று சாயங்காலம் அவருடைய சைக்கிள் எங்கள் வீட்டு முற்றத்தில் நின்றது.

அதிலிருந்து வியாழக்கிழமைதோறும் வருவார். வந்ததும் ஜெபம் பண்ணுவார் என்று காத்திருப்போம், பண்ணமாட்டார். வாசிப்பைக் கேட்டுக்கொண்டு, ஒரு ஓலையை எடுத்து முடையப் பார்ப்பார், வராது. சித்தப்பா திருத்திக் கொடுப்பார். இரண்டு பேரும் சிலநாள் காரசாரமாக வாக்குவாதம் செய்வார்கள். ஒருநாள் ஐயர் சிறையிலிருந்த யோவான் ஸ்நானனைப் பற்றிச் சொன்னார். யோர்தானில் இயேசுவுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவரே, வரவேண்டியவர் நீர்தானா, இல்லை வேறொருவருக்காகக் காத்திருக்கவேண்டுமா என்று ஆள் அனுப்பிக் கேட்டார். "இயேசு கோவிக்கல, அந்த ஆளப் பத்தி ஜனங்ககிட்ட உசத்தியாத்தான் பேசினாரு" என்றார் ஐயர். "தலை தப்பலையே ஐயா" என்றார் சித்தப்பா. "தப்பல" என்று ஐயர் ஒத்துக்கொண்டார். அந்த ஒத்துக்கொள்ளலுக்காகத்தான் சித்தப்பா அவரை அடுத்த வியாழக்கிழமைக்கு எதிர்பார்த்தார் என்று நினைக்கிறேன்.

அந்த லெந்து நாட்களின் கடைசியில் ஐயர் ஒரு காரியம் செய்தார். பெரிய வெள்ளியன்று பன்னிரண்டிலிருந்து மூன்று மணிவரை மும்மணி ஆராதனை. சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளில் ஒவ்வொன்றையும் ஒவ்வொருவர் தியானிப்பார்கள். உபதேசியார், வாத்தியார், சபை மூப்பர்கள் என்று வழக்கமாக ஆள் இருந்தது. முதல் வார்த்தை மன்னிப்பு, இரண்டாவது கள்ளனுக்குப் பரதீசு, மூன்றாவது தாயைப் பார்த்துக்கொள்ளச் சொன்னது. இவற்றுக்குப் போட்டி இருக்கும். நாலாவது, தேவன் தன்னைக் கைவிட்டதேன் என்று கேட்டது. அதை யாரும் விரும்பி எடுப்பதில்லை. எடுத்தவரும் அவசரமாக விளக்கம் சொல்லி ஐந்தாவதிடம் ஒப்படைத்துவிடுவார். நாலாம் வார்த்தையை என் சித்தப்பாவுக்குக் கொடுத்தார் ஐயர்.

பெரிய வெள்ளி பதநீர்ச் சீசனில்தான் வரும். காலை ஏற்றம் முடித்து, உடம்பில் பனைச் சிராய்ப்போடு ஆண்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். அப்பாவும் மூன்று பேரும் சித்தப்பாவை நார்க்கட்டிலோடு தூக்கிவந்து பலிபீடத்துக்கு முன்னால் வைத்தார்கள். விழுந்த நாளுக்குப் பிறகு அவர் கோவிலுக்குள் வந்தது அன்றுதான். நான் பக்கத்தில் வேதப்புத்தகத்தோடு நின்றேன். அவர் பேசியது கொஞ்சநேரம்தான். என் நினைவில் இருப்பதை அப்படியே சொல்கிறேன்.

"இந்த வார்த்தைய மத்தேயு எழுதியிருக்காரு, மாற்கு எழுதியிருக்காரு. மத்த ரெண்டு பேரும் எழுதல. எழுதாதவங்களுக்கு என்ன கஷ்டமோ தெரியாது. இது இருபத்திரண்டாம் சங்கீதத்துல உள்ளது. அவரு சின்னதுல மனப்பாடம் பண்ணினது, வலி வந்தப்ப வாயில வந்துட்டு. நான் ஒண்ணுதான் கவனிச்சேன். யோர்தான்ல அவரு முங்கி எந்திச்சப்ப வானத்துலேருந்து சத்தம் வந்துச்சு. மலையில அவரு முகம் மாறுனப்ப சத்தம் வந்துச்சு. இங்க கேள்வி கேக்காரு, சத்தம் வரல. நாலு புஸ்தகத்தையும் இந்தப் பையன வாசிக்கச் சொல்லித் தேடிட்டேன், வரல. நானும் கேட்டேன், எனக்கும் வரல. எனக்கு வரலங்கியதுனால அவரு இல்லன்னு சொல்லிருவேன்னு நெனச்சேன். ஆனா எனக்கு மட்டுமா வரல? நாம கும்பிடுத ஆளுக்கே வரலியே. பதில் வராமக் கெடக்கவங்க கூட்டத்துல அவரும் இருக்காரு. அதுக்குமேல எனக்கு ஒண்ணும் தெரியாது. தெரியும்னு சொன்னா பொய் சொன்னதா ஆயிரும்."

அவ்வளவுதான். ஆமென் சொல்லவில்லை. மௌனமாக இருக்கவேண்டிய நேரம் முடிந்தும் அடுத்த வார்த்தைக்காரர் எழுந்திருக்கவில்லை. ஐயர்தான் போய் அவரைத் தொட்டு எழுப்பினார்.

கமிட்டியில் சத்தம் போட்டார்கள். பலவீனமான விசுவாசிகளை இடறப் பண்ணுகிற பேச்சு, உயிர்த்தெழுதலைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை என்றார்கள். உயிர்த்தெழுதல் ஞாயிற்றுக்கிழமைதான், வெள்ளிக்கிழமை அதை முந்திச் சொல்லவேண்டியதில்லை என்று ஐயர் பதில் சொன்னதாக அப்பா வந்து சொன்னார். ஆனால் ஈஸ்டர் கழிந்த வாரத்திலிருந்து எங்கள் திண்ணைக்கு ஆள் வரத் தொடங்கியது. பிள்ளையைத் தேரிக்காட்டுப் பாம்புக்குக் கொடுத்த ஒரு தகப்பன். கொழும்புக்குப் போய்த் திரும்பாத புருஷனுக்காக வருஷக்கணக்காக ஜெபித்த ஒரு பெண். ஓய்வுநாளில் ஏறினான் என்று முதல்நாள் சொன்னவரும் வந்தார், ராத்திரியில் வந்தார். அவருக்குப் பல வருஷமாகவே ஜெபம் வரவில்லையாம், பழக்கத்தில் வாயை அசைப்பாராம். யாரிடமும் சொல்ல இடமில்லாமல் இருந்ததாம். அவ்வளவு சந்தேகம் எங்கள் சபைக்குள்ளேயே வெள்ளை வேட்டி கட்டி உட்கார்ந்திருந்தது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. சித்தப்பா அவர்களுக்கு உபதேசம் எதுவும் பண்ணவில்லை. என்னைக் கூப்பிட்டு, நறுக்கு வைத்த இடங்களில் ஒன்றைக் காட்டி வாசிக்கச் சொல்வார். வந்தவர்கள் கேட்டுவிட்டுப் போவார்கள்.

சித்தி அந்தப் பெரிய வெள்ளிக்கும் கோவிலுக்கு வரவில்லை. அதற்குப்பிறகும் வரவில்லை. ஐயர் அவளைக் கேட்கவில்லை. சித்தப்பா யாரையும் கேட்க விடவில்லை. அவருடைய சமாதானம் அவளுக்கும் வந்தாகவேண்டும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. கூடவே வாழ்கிறவர்களுக்கு அது எவ்வளவு கஷ்டமான காரியம் என்று இப்போது கல்யாணமானவனாக எனக்குத் தெரியும். நான் காலேஜில் படிக்கும்போது எனக்கு வேறுவகைச் சந்தேகங்கள் வந்தன, புத்தகங்களிலிருந்து வந்தவை. வேதம் எழுதப்பட்ட விதம், டார்வின், பிற மதத்தாரின் கதி. லீவுக்கு வந்தபோது, தைரியம் வந்து, கடவுள் இல்லை என்று நினைக்கிறாயா என்று சித்தியிடம் கேட்டேன். அவள் இரண்டு மணிக்கொருதரமான கணக்கில் சித்தப்பாவைப் புரட்டிப் படுக்கவைத்து, முதுகில் பவுடர் போட்டுக்கொண்டிருந்தாள்.

"இல்லன்னு எப்ப சொன்னேன்? நான் அவருகிட்டப் பேசுததில்ல. அவ்வளவுதான்" என்றாள்.

சித்தப்பா காலமானது தொண்ணூறுகளில், சிறுநீரகம் பழுதாகி. அடக்க ஆராதனைக்கு என்ன வேதபாகம் வாசிக்கலாம் என்று புதிதாக வந்திருந்த ஐயர் கேட்டார். வழக்கமான இருபத்துமூன்றாம் சங்கீதத்தை அப்பா சொல்லப்போனார். சித்தி உள்ளேயிருந்து வந்து, "அந்த இருட்டுச் சங்கீதத்த வாசிங்க" என்றாள். ஐயருக்குப் புரியவில்லை. நான் நறுக்கு இருந்த இடத்தைத் திறந்து கொடுத்தேன். முழுவதையும் படித்துப் பார்த்துவிட்டு, அடக்கத்தில் இதை வாசித்துத் தனக்குப் பழக்கமில்லை என்றார் ஐயர். பிறகு வாசித்தார். கல்லறைத் தோட்டத்தில் சித்தி எல்லாருக்கும் முன்னால் நின்று கேட்டாள்.

எங்கள் ஊரில் சிறு வயசில் யாராவது இறந்தால், மரத்திலிருந்து விழுந்தோ கடலுக்குப் போயோ பஸ்ஸில் அடிபட்டோ இறந்தால், இப்போதும் வீட்டார் எண்பத்தெட்டாம் சங்கீதத்தைக் கேட்டு வாங்கி வாசிக்கவைக்கிறார்கள். வாசித்து முடித்த கையோடு பிரசங்கம் கிடையாது. நேராக மண் போடுவார்கள்.